உன் எழுத்தில் வளர்மதியின் பெயர்

என் தேனு அக்காவுக்கு,

நீ போய் இரண்டு வருஷம் ஆகிறது. உன் கையெழுத்து மட்டும் இன்னும் ஊரைச் சுற்றிக்கொண்டிருக்கிறது. போன வாரம் வேலப்பன்சாவடியில் பஸ் நின்றபோது, ஒரு ஜூஸ் கடைப் பலகையில் உன் 'ழ'. அதே நீண்ட வால். "இங்க இன்னாக்கா பண்ற?" என்று வாய்விட்டே கேட்டுவிட்டேன். பக்கத்து சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார்.

அம்பத்தூர் வீட்டில் உட்கார்ந்து ஒவ்வொரு எழுத்தாக எழுதிக் கொடுத்தாயே, நினைவிருக்கிறதா? "எல்லாத்தையும் எடுத்துக்கினு இன்னாடா பண்ணப் போற?" என்றாய். ஃபான்ட் பண்ணப் போறேன், கம்ப்யூட்டர்ல எதை அடிச்சாலும் உன் எழுத்துலயே வரும், கல்யாணப் பத்திரிகைக்கு அழகா இருக்கும் என்றேன். ஆறே மாதத்தில் காய்ச்சல் உன்னைக் கொண்டுபோயிற்று. உன் பெயர் நிலைக்கட்டும் என்று, அந்த ஃபான்டுக்கு உன் பெயரையே வைத்து இணையத்தில் இலவசமாகப் போட்டேன். என் அச்சுக்கடை மாதிரிகளிலும் சேர்த்தேன். நல்லது செய்கிறேன் என்றுதான் நினைத்தேன்.

உன்னிடம் எப்படிச் சொல்வது? மாமா மறுபடி கல்யாணம் பண்ணிக்கொண்டார். திருநின்றவூர்ப் பெண், வளர்மதி. பத்திரிகை அடிக்க இரண்டு பேரும் ஆவடியில் என் கடைக்கு வந்தார்கள். மாதிரிகளைப் புரட்டியவள் ஒன்றில் விரல் வைத்தாள். "இந்த எழுத்து சூப்பரா கீதுண்ணா. இதுலயே போட்ருங்க."

மாமா பார்த்தார். உன் எழுத்து அவருக்குத் தெரியாதா? தலையைக் குனிந்துகொண்டார். நான் டைப் அடிக்கத் தொடங்கினேன். 'தணிகாசலம்' என்று திரையில் வந்தது. நீ கடைக்குப் போகும்போது அவருக்கு எழுதிவைக்கும் சீட்டுகளில் இருந்த அதே தணிகாசலம். அடுத்தது அவள் பெயர். நீ ஒருநாளும் எழுதாத பெயரை, உன் கையைப் பிடித்து நான் எழுதவைத்தேன். உனக்கு வலித்ததா அக்கா?

"இன்னாண்ணா, ஒரு மாதிரி கீறீங்க?" என்றாள்.

மாமாதான் தரையைப் பார்த்தபடி சொன்னார். "அது தேனு எழுத்து. அவ கைப்பட எழுதினது."

அவள் எங்கள் பக்கம் திரும்பினாள். கோபப்படுவாள் என்று நினைத்தேன். "முன்னாடியே ஏன் ரெண்டு பேரும் சொல்லல?" என்று மட்டும் கேட்டாள். பிறகு, "வேணாம்ணா. அவங்களக் கேக்காம எழுதவெச்ச மாதிரி ஆயிரும். ஒரு பேப்பர் குடுங்க."

தன் பெயரைத் தானே எழுதினாள். மாமாவையும் எழுதச் சொன்னாள். இரண்டுமே கோணல். அப்படியே ஸ்கேன் பண்ணி அச்சடித்தேன். அவளை உனக்குப் பிடித்திருக்கும். பிடித்திருக்குமா?

அன்றைக்கே ஃபான்டை இணையத்திலிருந்து எடுத்துவிட்டேன். ஆனால் முன்பே இறக்கிக்கொண்டவர்களிடம் இருக்கிறது. நேற்று அண்ணனூரில் ஒரு கண்ணீர் அஞ்சலி பேனர். யாரென்றே தெரியாத ஒரு பெரியவருக்காக நீ அழுதுகொண்டிருந்தாய். அதைத் தடுக்க என்னால் முடியாது.

என் கையில் இருப்பதை மட்டும் சொல்கிறேன். நீ சொல்லாத ஒரு சொல்லையும் இனி உன் எழுத்தில் எழுத மாட்டேன். இந்தக் கடிதம்கூட என் கிறுக்கலில்தான் இருக்கிறது, பொறுமையாகப் படி.

உனக்குப் பின்னால் பிறந்த தம்பி,
குமரன்