மூன்றாம் நாள் மாத்திரை

ஜூலை 14, திங்கள்

புழுக்கம். மழை வருகிற மாதிரி வந்து ஏமாற்றியது. தம்பி செல்வத்தின் ரத்தத்தை நானே ஸ்லைடில் தேய்த்து, நானே பார்த்தேன். மலேரியா, மோசமான வகை. ஒடிசா சுரங்க வேலைக்குப் போய்வந்த சொத்து. லேபில் பன்னிரண்டு வருடம். இருந்தும் ஸ்லைடை மூன்று முறை பார்த்தேன். மூன்று நாள் மாத்திரை, இரண்டு மருந்து சேர்ந்தது. இன்றையது என் கண் முன்னால் விழுங்கினான்.

டாக்டரம்மா: "ஒரு மருந்து வேகமா கொன்னுட்டுப் போயிடும். இன்னொண்ணு தங்கி மிச்சத்தப் பாத்துக்கும்."

அவன்: "மொதலாவது கான்ட்ராக்ட், ரெண்டாவது பர்மனென்ட். அதானேக்கா?"

சிரிப்பு வரவில்லை.

ஜூலை 15, செவ்வாய்

காய்ச்சல் இல்லை. இரண்டாவதும் ஆச்சு. "லீவு போட்டா கான்ட்ராக்ட் லிஸ்ட்ல பேர எடுத்துடுவாங்கக்கா." நைட் ஷிஃப்டுக்குக் கிளம்பிவிட்டான். கத்தியும் பயனில்லை.

கொசுவலை. பால். கேஸ் புக்கிங்.

ஜூலை 16, புதன்

காலை ஏழுக்கு அவனுக்குப் போன் பண்ணினேன். "இன்னிக்கு மாத்திரை?" "ஆச்சுக்கா." மாற்று ஆள் வராமல் அப்படியே டபுள் ட்யூட்டியாம். மதியம் மூன்று மணிக்கு வந்து படுத்தவன் எழவேயில்லை. நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன், நாலு முறை.

ஜூலை 17, வியாழன்

எழுந்ததும் லேபுக்கு இழுத்துப்போனேன். ஸ்லைடில் இன்னும் கிருமி. குட்டிக் குட்டி வளையங்கள். மூன்று நாள் மருந்துக்கும் சாகவில்லை. அதன் ஜீனில் ஓர் எழுத்து மாறினால் போதும், மருந்து வடியும்வரை மூச்சடக்கிக் கிடந்து பிறகு பெருகும். அந்த ரகமா? ஜீன் சோதனைக்கு ரத்தச் சொட்டு சென்னைக்குப் போயாச்சு. படிவம் நிரப்பியது நான். 'மூன்று வேளையும் நேரில் விழுங்கக் கண்டது: ஆம்.' பயமாயிருக்கிறது.

மாலை. அவன் டிபன் பையைக் கழுவ எடுத்தால், உள்ளே மூன்றாம் நாள் அட்டை. பிரிக்கவேயில்லை.

"என்னடா இது?"

"நீ போன் பண்ணப்ப எனக்கு இன்னும் செவ்வாக்கெழமதானேக்கா. ட்யூட்டி பாத்துகினு இருந்தேன். தூங்கி எழுந்தாதான மறுநாளு. எழுந்ததும் நீ லேபுக்கு இழுத்துகினு போயிட்ட, அப்பறம் மறந்துட்டேன்."

அப்பாவும் அப்படித்தான். நைட் ஷிஃப்ட் முடித்து, தூங்கி எழுந்துதான் காலண்டர் தாளைக் கிழிப்பார். கம்பெனி குவார்ட்டர்ஸில் வளர்ந்த எனக்கு இது தோன்றவில்லையே. ஆத்திரம், அழுகை, கொஞ்சம் நிம்மதி. ஜீன் இல்லை, இவன்தான். ஆனால் அரைகுறை மருந்தில் தப்பித்த கிருமிதான் பிறகு எதையும் தாங்கும். எல்லோருக்கும் இதைச் சொல்பவள் நான்.

ஜூலை 18, வெள்ளி

காய்ச்சல் மறுபடி. 101. டாக்டரம்மாவிடம் சொல்லிவிட்டேன். முதலிலிருந்து மூன்று நாள். விழுங்கியதும் நாக்கைத் தூக்கச் சொல்லிப் பார்த்தேன்.

பதினொரு மணிக்குச் சென்னையிலிருந்து போன்.

"படிவத்துல 'ஆம்'னு போட்டிருக்கீங்க. மூணு வேளையும் நீங்களே பாத்தீங்களா மேடம்?"

"இல்லைங்க. கடைசி வேளை போன்லதான் கேட்டேன்."