இரண்டாவது கோடு

அன்பான ஏகாம்பரம் மச்சானுக்கு,

நீ போய்ப் பத்து மாதம் ஆகிறது. உன் கருவிகள் எல்லாம் பட்டறைச் சுவரில் நீ அடித்த ஆணிகளிலேயே தொங்குகின்றன. உன் தங்கை லோகு வெள்ளிக்கிழமை தவறாமல் அவற்றுக்குப் பொட்டு வைக்கிறாள். நான்தான் அந்தச் சுவர்ப் பக்கம் பார்ப்பதில்லை. ஏன் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் பொறுத்துக்கொள்.

முதலில் நல்ல செய்தி. உன் மகள் சுமதி புத்தலப்பட்டில் வீடு கட்டுகிறாள். வாசக்கால் வேலை எனக்கு. அதைச் சொல்ல இங்கே நகரிக்கே வந்தாள். “நைனாவோட மூலமட்டத்துலயே கோடு போட்டு செய்யணும் மாமா. அவரே செஞ்ச மாரி இருக்கும்” என்றாள். “ஆவட்டும்மா” என்றேன். சொல்லிவிட்டு ஒரு சொம்பு தண்ணீர் குடித்தேன்.

பலகைக்குக் குறுக்கே செங்கோணமாகக் கோடு போடும் அந்த மட்டத்தை நீ செய்த நாள் நினைவிருக்கிறதா? கடையில் விற்பதெல்லாம் வலது கைக்காரனுக்குச் செய்தது என்று திட்டிக்கொண்டே, பவர்லூமிலிருந்து உடைந்து விழுந்த எஃகுப் பட்டையை அரத்தால் ராவினாய். ரோஸ்வுட் துண்டில் அதைப் பதித்து, இடது கையால் கீறும் நீ மட்டத்தைப் பிடிக்கும் வலது கட்டைவிரலுக்கு ஒரு குழியும் குடைந்தாய். வீம்புக்கு நானும் ஒன்று செய்துகொண்டேன். கையால் செய்த இரண்டு மட்டங்கள் முழுக்க ஒத்துப்போகாது. கழுந்தை ஒரு மட்டத்தாலும் அது போய் உட்காரும் துளையை இன்னொன்றாலும் குறித்தால் மூட்டு வாய் பிளந்து நிற்கும். அதனால் உன் மட்டத்தை நான் தொடக் கூடாது, என் மட்டத்தை நீ தொடக் கூடாது என்று வைத்துக்கொண்டோம்.

நான் தொட்டேன் மச்சான். திருப்பதிக்கு ஜன்னல் வேலை ஓடிக்கொண்டிருந்த வாரம். நீ டீ குடிக்கப் போயிருந்தாய். இறுகிப்போன ஜன்னல் கதவைத் தட்டித் திறக்கக் கைக்குக் கிடைத்தது உன் மட்டம். தட்டும்போது நழுவிச் சாணைக்கல்லின் மேல் விழுந்து கோணம் மயிரிழை பிசகியது. எடுத்துத் துடைத்து ஆணியில் மாட்டிவிட்டேன். உன்னிடம் வாயைத் திறக்கவில்லை.

மறுநாள் அதை வைத்துத்தான் பன்னிரண்டு ஜன்னலுக்கும் கோடு போட்டாய். ஒரு மூட்டும் சேரவில்லை. நீ மட்டத்தைச் சந்தேகப்படவில்லை. உன் கையால் செய்தது பொய் சொல்லாது என்று இருந்தாய். “எனுக்குக் கண்ணு போய்க்கினு இருக்குதுடா முனுசாமி” என்றாய். சித்தூரில் கண் டாக்டர் லேசாகப் புரை இருக்கிறது என்று சொன்னதும் முழுக்க நம்பிவிட்டாய். உளியைக் கீழே வைத்துவிட்டுப் போனவன் நான்கு மாதத்தில் உலகத்தை விட்டே போனாய். அந்த நான்கு மாதமும் எனக்கு வாய் இருந்தது. ஏன் சொல்லவில்லை?

சுமதியிடம் சரி என்று சொன்னேனே தவிர, வாசக்காலுக்கு அளவு குறிக்க எடுத்த பலகைத் துண்டில் என் மட்டத்தால்தான் கோடு போட்டேன். மறுநாள் காலை வந்து பார்த்தால், என் கோட்டின் பக்கத்தில் இன்னொரு கோடு. ஒரே புள்ளியில் தொடங்கி, போகப் போக மயிரிழை விலகியிருந்தது. குனிந்து பார்த்தேன். வலது கைக்காரன் நான் கீறினால் கோடு போடும் கத்தி வலப்பக்கம் சாயும். இந்தக் கீறல் இடப்பக்கம் சாய்ந்திருந்தது.

இழைத்துத் தள்ளிவிட்டுப் புதிதாகக் கோடு போட்டேன். மதியம் சாப்பிட்டுவிட்டு வந்தால் மறுபடி இருந்தது. பட்டறைச் சாவி என் இடுப்பில். வெளியே பட்டப்பகல், எதிர் வீட்டுத் தறிகள் தடதடவென்று ஓடுகின்றன. எனக்கு மட்டும் முதுகு சில்லிட்டது. மூன்று நாள் இழைத்தேன், மூன்று நாளும் வந்தது.

நான்காம் நாள் லோகு மோர் கொண்டுவந்தாள். நான் நிமிர்ந்தபோது வாசலிலேயே நின்றுகொண்டிருந்தாள். சொம்பு காலடியில் கவிழ்ந்து கிடந்தது.

“எப்ப வந்தே?” என்றேன்.

“எப்பவா? நாலு தபா கூப்ட்டேன். நீ திரும்பவே இல்ல. எங்கண்ணன் மட்டத்த வெச்சிகினு எடது கையால கோடு கீறிகினு இருந்தே” என்றாள். “உதட்டக் கடிச்சிகினு, அப்பிடியே அது மாரியே.”

கையைப் பார்த்தேன். என் வலது கட்டைவிரல் உன் குழிக்குள் இருந்தது, கத்தி இடது கையில். உன் மட்டத்தை எப்போது எடுத்தேன் என்று இன்று வரை எனக்குத் தெரியாது.

அப்போதே புத்தலப்பட்டுக்குப் பஸ் ஏறினேன். இரண்டு கோடும் விழுந்திருந்த அந்தப் பலகைத் துண்டையும் உன் மட்டத்தையும் சுமதி முன் வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவாள் என்று நினைத்தேன். அவள் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“மட்டம் சரியான்னு எப்பிடி மாமா பாப்பாங்க?”

“ஒரு கோடு போட்டு, மட்டத்தத் திருப்பி வெச்சி, அதே புள்ளியிலேர்ந்து இன்னொரு கோடு போடணும்மா. ரெண்டும் ஒண்ணா உழுந்தா மட்டம் சரி. வெலகுனா மட்டம் கோணல்.”

அவள் பலகையைக் கையில் எடுத்தாள். “கடசீ மாசத்துல நைனா ஒரு பலகைய எடுத்தாந்து காட்டினாரு. ‘கோடு ஒண்ணா ரெண்டா பாரும்மா, எனுக்கு ரெண்டா தெரியுது’ன்னாரு. நான் அடுப்புல வேலையா இருந்தேன். திரும்பிக்கூடப் பாக்கல. அவரு மனசு நோவக்கூடாதுன்னு ‘ஒண்ணுதான் நைனா’ன்னுட்டேன். ‘அப்ப கண்ணுதான்’ன்னு சொல்லிட்டுப் போயிட்டாரு.”

நீ கண்டுபிடித்துவிட்டிருக்கிறாய் மச்சான். நான் மறைத்ததைத் தனியாகக் கண்டுபிடித்து, சரிதானா என்று கேட்க ஒரு ஆள் தேடியிருக்கிறாய்.

இரண்டு பேரும் உன் படத்துக்கு முன்னால் உட்கார்ந்தோம். உன் மட்டத்தை வைத்து நான் ஒரு கோடு போட்டேன். திருப்பி வைத்து, அதே புள்ளியிலிருந்து சுமதி ஒரு கோடு போட்டாள். பலகையைக் கண்ணுக்கு அருகில் தூக்கி நெடுநேரம் பார்த்தாள். பிறகு உன் படத்தைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னாள்: “ரெண்டு நைனா. ரெண்டுதான்.”

அன்றிலிருந்து அந்தக் கோடு வரவில்லை. காலையில் கதவைத் திறந்ததும் முதலில் பலகையைத்தான் பார்க்கிறேன். வெறும் என் கோடு மட்டும் இருக்கிறது. உன்னைப் பார்த்து நடுங்கியவன், நீ இல்லாமல் அழுகிறேன். இதை யாரிடம் போய்ச் சொல்வது?

உனக்கு ஒரு வாக்கு. உன் மட்டத்தை நான் திருத்த மாட்டேன், அது உன் கை வேலை. நாளைக் காலை அதையும் அரத்தையும் மேசை மேல் எடுத்து வைக்கிறேன். நீ வந்து ராவி முடிக்கும்வரை என் இடது கை உன்னுடையது. முடிந்ததும் அந்த மட்டத்தால்தான் சுமதியின் வாசக்காலுக்குக் கோடு. லோகுவிடமும் சொல்லிவிட்டேன், நான்கு முறை கூப்பிட்டும் நான் திரும்பாவிட்டால் ஐந்தாம் முறை கூப்பிட வேண்டாம் என்று.

உன் மட்டத்தைக் கீழே போட்ட,
உன் தங்கை வீட்டுக்காரன்,
முனுசாமி