பழைய மதர்போர்டில் இருந்த இரண்டு பெயர்கள்

மார்ச் 3, செவ்வாய்

பிராசஸர் வந்துவிட்டது. உள்ளங்கையில் அடங்கிவிடுகிற சில்லு. அதற்குக் கொடுத்த பெட்டியில் ஒரு ஜோடி செருப்பு வைக்கலாம். பூட்டில்லாத ரகம். கம்பெனி வைத்த வேகத்துக்கு மேலே நாமே முடுக்கிக்கொள்ளலாம், ஓவர்கிளாக் என்கிறார்கள். முடுக்கியே ஆக வேண்டும். இன்னும் கட்டாத மருத்துவமனைக்குள் ஆள் நடந்து போகிற மாதிரி மூன்று நிமிடப் படம், இருபதாம் தேதிக்குள் கட்டட வரைவாளரிடம் போய்ச் சேர வேண்டும். என் பழைய கணினி ஒரு நிமிடப் படத்தை ஒன்பது மணி நேரம் மெல்லுகிறது.

ஆனால் இந்தப் பிராசஸர் என் பழைய மதர்போர்டில், அதைத் தாங்கும் பலகையில், உட்காராது. கால் அளவு பார்க்காமல் செருப்பு வாங்கியவள் நான்.

அப்பா கதவோரம் நின்று பார்த்துவிட்டு, "பெட்டியைத் தூக்கிப் போட்டுடாதே" என்றார். அவ்வளவுதான். பக்கத்து அறையில் இருந்தால் கேட்டிருக்காது.

மார்ச் 5, வியாழன்

உதிரிபாகத் தெரு. பதினாலு கடை ஏறி இறங்கிக் கால் வீங்கியது. கடைசியில் ஒரே ஒருவர் மட்டும் நான் சொன்னதை முழுசாகக் கேட்டார். நெற்றியில் ஒரு கண்ணாடி, மூக்கில் ஒரு கண்ணாடி. இரட்டைக் கண்ணாடி என்று மனசுக்குள் பெயர் வைத்துவிட்டேன்.

மூன்று போர்டுகளை எடுத்து மேசையில் பரப்பினார். முதலாவது மலிவு. "உக்காரும், ஓடும். ஆனா வேகத்தைக் கூட்டவே விடாது. பூட்டைத் திறந்து வாங்கிட்டு வந்து கதவைச் சாத்தின மாதிரி." இரண்டாவது கூட்ட விடுமாம். ஆனால் பிராசஸருக்கு மின்சாரம் கொடுக்கிற இடம் மொட்டையாக இருந்தது, மேலே சூட்டை இழுக்கும் உலோக வில்லை இல்லை. "அரை மணி நேரத்துல அடுப்பாயிடும். அப்புறம் தானே வேகத்தைக் குறைச்சுக்கும். உங்களுக்கு மணிக்கணக்கா ஓடணுமே?" மூன்றாவதில் எல்லாம் இருந்தது. விலையும் இருந்தது, பிராசஸரை விட அதிகமாக.

நான் உதட்டைப் பிதுக்கினேன்.

"யானையை வாங்கிட்டு அங்குசத்துக்கு அழறீங்களேம்மா" என்றார். பிறகு இரக்கப்பட்டு, "பழசுன்னா பரவாயில்லையா? சனிக்கிழமை வாங்க" என்றார்.

மார்ச் 7, சனி

வாங்கிவிட்டேன்! போன வருடத்து மாடல், மின்சாரப் பகுதியில் தடிமனான உலோகப் போர்வை, ஒரு கீறல் இல்லை. புதிதின் பாதி விலை.

"யாரோ எரிச்சுட்டாங்கன்னு தூக்கிப் போட்டது. போர்டு ரிப்பேர் பண்ற நம்ம டாக்டர் உயிர் கொடுத்துட்டாரு. ரெண்டு நாள் முழு வேகத்துல ஓட்டிப் பாக்காம அவர் எதையும் தர மாட்டாரு" என்றார் இரட்டைக் கண்ணாடி.

பேருந்தில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தேன். பக்கத்து இருக்கைக்காரி குழந்தை என்று நினைத்து நகர்ந்து இடம் விட்டாள்.

மார்ச் 8, ஞாயிறு

எழுத்து கோணலாக வருகிறது, வரட்டும்.

காலையில் பொருத்தினேன். பிராசஸர், சூட்டைக் கடத்தப் பட்டாணி அளவு பசை, மேலே விசிறி. பொத்தானை அமுக்கியதும் உயிர் வந்தது. பயாஸ் திரைக்குப் போனேன், வேகத்தை மாற்றுகிற இடம் அதுதான். அங்கே 'சேமித்த அமைப்புகள்' என்று ஒரு பக்கம். காலியாக இருக்கும் என்று நினைத்துத் திறந்தேன்.

இரண்டு பெயர்கள். ஆங்கில எழுத்தில்.

முதலாவது: நத்தை.

சிரித்தேன். முதலில் சிரிக்கத்தான் செய்தேன். என் தம்பி என்னை அப்படித்தான் கூப்பிடுவான். ஆனால் மெதுவான அமைப்புக்கு நத்தை என்று யார் வேண்டுமானாலும் பெயர் வைக்கலாமே.

இரண்டாவது: சைரன்.

எழுந்து போய்த் தண்ணீர் குடித்தேன். திரும்பி வந்து பார்த்தேன். அப்படியே இருந்தது.

சைரன் எங்கள் அப்பா. தொழிற்சாலையில் ஷிப்ட் மேற்பார்வை. இயந்திரச் சத்தத்துக்கு மேலே கத்திக் கத்தி வீட்டிலும் அதே குரல். நானும் தம்பியும் அவருக்கு வைத்த பெயர். எங்கள் இரண்டு பேரைத் தவிர உலகத்தில் ஒருவருக்கும் தெரியாது. நத்தை ஒன்று மட்டும் இருந்தால் தற்செயல். சைரன் மட்டும் என்றாலும் தற்செயல். இரண்டும் அடுத்தடுத்து?

தம்பி வெளிநாட்டில் இருக்கிறான். ஆறு வருடம் முன்னால் ஒரே ஒரு மின்னஞ்சல்: "வேற நாட்டுக்கு வந்துட்டேன். தேடாதீங்க."

அங்கிருந்து ஒரு மதர்போர்டு மட்டும் நடந்து வருமா?

பிற்பகல்

எழுதிவிடுகிறேன். இங்கேயாவது.

நான்தான் சொன்னேன். தம்பியை மருத்துவம் படிக்க அனுப்பினோம். அவன் இரண்டு வருடமாகக் கல்லூரிப் பக்கமே போகவில்லை, ஒரு கணினிப் பட்டறையில் உட்கார்ந்து ஈயம் பற்றவைத்துக்கொண்டிருந்தான். எனக்குத் தெரிந்தது. "அக்கா, நானே சொல்லிக்கறேன், ஒரு மாசம் குடு" என்றான். கொடுக்கவில்லை. மூன்றாம் நாளே அப்பாவிடம் சொன்னேன். அவன் நல்லதுக்கு என்று நினைத்தேன். நிஜமாகவே நல்லதுக்குத்தானா? வீட்டில் நல்ல பெயர் எடுக்கத்தானே?

அப்பா கத்தியது தெருமுனை வரைக்கும் கேட்டது. "எனக்குப் புள்ளையே பொறக்கலைன்னு நெனச்சுக்கறேன்." அவன் ஒரு பையோடு போனான். போகும்போது என்னைப் பார்த்தான். திட்டியிருக்கலாம். பார்க்க மட்டும் செய்தான்.

அன்றோடு அப்பாவின் குரலும் போயிற்று.

மார்ச் 9, திங்கள்

கடை திறக்கும் முன்பே போய் நின்றேன். இரட்டைக் கண்ணாடி பயந்துபோனார். "ஓடலையா?"

"ஓடுது. இதுக்குள்ள பழைய அமைப்பு ரெண்டு அப்படியே இருக்கு."

"நான் பயாஸை அழிச்சேனே... ஓ, சேமிச்சு வச்சது தனியா ஒரு இடத்துல நிக்கும். அது அழியாது. தொந்தரவா இருந்தா தூக்கிடுங்க."

"அந்த டாக்டர் எப்படி இருப்பாரு?"

ஏற இறங்கப் பார்த்தார். "ஒல்லியா. இடது கைக்காரரு. எந்தப் பொருளைக் குடுத்தாலும் முதல்ல மோந்து பாப்பாரு. மோந்தே எந்தப் பாகம் எரிஞ்சதுன்னு சொல்லிடுவாரு."

நாற்காலி கொடுங்கள் என்று கேட்டேன். கேட்டதாக ஞாபகம். உட்கார்ந்திருந்தேன்.

புதுப் புத்தகம், பழைய சட்டை, பக்கத்து வீட்டு நாய், எல்லாவற்றையும் மோந்து பார்த்து அம்மாவிடம் அடி வாங்கியவன்.

முகவரி எழுதித் தந்தார். பணிமனை நிறுத்தம். எங்கள் வீட்டிலிருந்து பதினோரு நிறுத்தம். வெளிநாடாம்! பதினோரு நிறுத்தம்டா பாவி!

மார்ச் 10, செவ்வாய்

போகவில்லை. வேலை இருந்தது என்று எழுத வந்தேன். பொய்.

மார்ச் 11, புதன்

போனேன். என்ன எழுதுவது, எங்கிருந்து எழுதுவது?

பணிமனைக்குப் பின்னால் வரிசையாக டயர் கடைகள். கடைசியில் ஒரு ஷட்டர், பாதி ஏற்றியிருந்தது. குனிந்து உள்ளே பார்த்தேன். விளக்கு வெளிச்சத்தில் ஒருவன் முதுகைக் காட்டி உட்கார்ந்து பற்றவைத்துக்கொண்டிருந்தான். பின்கழுத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. ஆனால் எனக்கு மூச்சு நின்றது அதைப் பார்த்து இல்லை.

அவன் பக்கத்தில் ஒரு முக்காலி. முக்காலியில் என் அம்மா. ஆப்பிளை நறுக்கி நறுக்கி அவன் வாயில் வைத்துக்கொண்டிருந்தாள்.

புதன்கிழமை. அம்மாவுக்கு முழங்கால் வலி, பிசியோதெரபி. நாலு வருடமாக ஒவ்வொரு புதனும். மழையானாலும் போவாள். நான்கூட ஒருநாள், "இவ்வளவு போயும் உன் கால் சரியாகலையே, டாக்டரை மாத்துன்னா கேக்கறியா" என்று திட்டியிருக்கிறேன். டாக்டரை மாத்தவாம்!

அம்மா கையிலிருந்த கத்தி கீழே விழுந்தது. அவன் திரும்பினான். தாடி, கண்ணாடி, முன்மண்டையில் முடி கொட்டியிருக்கிறது. முப்பதுக்குள் வழுக்கையா என்றுதான் எனக்குத் தோன்றியது. மனசு எவ்வளவு கேவலமானது.

"உள்ள வா நத்தை. தலை இடிக்கும், குனிஞ்சு வா" என்றான்.

ஆறு வருடம். நேற்று பேசிவிட்டு இன்று பேசுகிற மாதிரி.

நான் என்ன சொன்னேன்? "உன் போர்டைத்தான் வாங்கினேன்" என்றேன்.

"எது? உலோகப் போர்வை போட்டதா? அது நல்ல போர்டு. சைரன்ல ஓட்டாத, விசிறி கத்தும். நத்தையிலயே வச்சுக்கோ, அதுவே உனக்குப் போதும்." அப்புறம்தான் அவனுக்கே புரிந்தது. முகம் சிவந்துபோனது. "அழிக்க மறந்துட்டேன் போல."

கிளம்பும்போது அம்மா முன்னால் போய்விட்டாள். அவன் மெதுவாகச் சொன்னான். "அப்பாகிட்ட சொல்லாத. இந்தத் தடவையாவது."

குத்தவில்லை, கெஞ்சினான். குத்தியிருந்தால் தாங்கியிருப்பேன்.

மார்ச் 12, வியாழன்

சமையலறையில் அம்மாவைப் பிடித்தேன். நாலு வருடம் முன்னால் அவனுக்குக் கடுமையான காய்ச்சல். பயந்துபோய் இவளைக் கூப்பிட்டிருக்கிறான். அன்றிலிருந்து போகிறாளாம்.

"என்கிட்ட ஏன்மா சொல்லல?"

"நீ அப்பாகிட்ட சொல்லிடுவேன்னு பயந்தான்."

"ஒரே ஒரு தடவைதானேம்மா சொன்னேன்."

அம்மா பாத்திரத்தைத் தேய்த்துக்கொண்டே, "ஒரு தடவை போதாதாடீ?" என்றாள்.

கோபத்தில் சொல்லவில்லை. அவளுக்கே கேட்காத மாதிரி சொன்னாள். நான் கொடியில் துணி எடுக்கப் போவதுபோல் வெளியே வந்துவிட்டேன். கொடியில் ஒரு துணியும் இல்லை.

மார்ச் 14, சனி

வேலையாவது நடக்கட்டும். அவன் சொன்னபடி முதலில் நத்தையில் வைத்தேன். ஒரு நிமிடப் படம் இரண்டரை மணி நேரம். அதிசயம்தான். மத்தியானம் குறுகுறுப்பு தாங்காமல் சைரனுக்கு மாற்றப் போனேன். அந்தப் பக்கம் திரையில் இருக்கும்போது பின்னால் செருமல்.

அப்பா. எப்போது வந்தார்? கையில் எனக்கான டீ.

திரையை மறைக்கவும் முடியவில்லை. அவர் எழுத்துக்கூட்டிப் படித்தார். "நத்தை." நிறுத்தினார். "சைரன்."

டீ தளும்பித் தட்டில் கொட்டியது.

"சைரன்னா நான்தானே?" என்றார்.

"உங்களுக்கு... தெரியுமாப்பா?"

"சின்ன வயசுலேருந்தே தெரியும். மாடிப்படியில உக்காந்து ரெண்டு பேரும் பேசுவீங்க. எனக்குக் குரல்தான் பெரிசு. காது நல்லாத்தான் இருக்கு."

கோபப்பட்டதே இல்லையே என்று கேட்கத் தோன்றியது.

"இதை நீ எழுதினியா?"

"இல்லப்பா. பழசு வாங்கினேன். வரும்போதே இருந்தது."

"எந்தக் கடை?"

கடையைச் சொன்னேன். அது பொய்யில்லையே? அவர் கேட்டது கடையைத்தானே? அவன் இருக்கும் இடத்தை நான் சொல்லவில்லை. மூச்சு விடவில்லை.

டீயை வைத்துவிட்டுப் போனார். தட்டில் இருந்ததும் சேர்ந்துதான் இருந்தது.

மார்ச் 16, திங்கள்

அப்பா காலையில் கிளம்பி மதியம் வந்தார். எங்கே என்று கேட்கவில்லை. கேட்க எனக்கு என்ன தைரியம் இருக்கிறது?

மார்ச் 17, செவ்வாய்

இன்றும் அப்பா காலையிலேயே வெளியே போயிருந்தார். பதினோரு மணிக்குத் தம்பி கூப்பிட்டான். குரலே சரியில்லை.

"நத்தை, சொல்லிட்டியா?"

"சத்தியமா இல்லடா. அவரே படிச்சாரு, அவரே கடையில விசாரிச்சு உன் இடத்தைக் கண்டுபிடிச்சிருக்காரு. என்னடா ஆச்சு? கத்தினாரா?"

"கத்தலையே. வந்து நின்னாரு. நான் எழுந்திரிச்சேன். நம்ம வீட்டுப் பழைய ரேடியோவை மேசையில வச்சாரு. 'பாடல, பாருங்க'ன்னாரு. பாருங்களாம்! என்னை!"

"நீ என்ன பண்ணின?"

"திறந்து பாத்தேன். உள்ள பேட்டரியே போடல."

அந்தப் பக்கம் அவன் மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

"பேட்டரி போட்டுக் குடுத்தேன். பாடிச்சு. நின்னு ஒரு பாட்டு முழுசாக் கேட்டாரு. கிளம்பறப்போ, 'சனிக்கிழமை கடை உண்டா'ன்னாரு. உண்டுன்னேன். 'எதைக் கொண்டுவரப் போறீங்க'ன்னு கேட்டேன். 'பாக்கறேன்'னாரு. அக்கா, எனக்குக் கையே ஓடல. காலையிலேருந்து ஒரு வேலையும் பாக்கல."

அக்கா என்றான். இப்போதுதான் கவனிக்கிறேன்.

மார்ச் 19, வியாழன்

மூன்று நிமிடமும் முடிந்தது. அனுப்பிவிட்டேன், ஒரு நாள் முன்பாகவே. வரைவாளரிடமிருந்து இரண்டே சொல்: "பிரமாதம். எப்படி?"

என்னத்தைச் சொல்ல.

மார்ச் 21, சனி

காலையில் கூடத்துக்குப் போனால் அப்பா தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். குளித்து, சலவைச் சட்டை போட்டு, தலை சீவி. மடியில் மேசை விசிறி. நேற்று மாலை வரை காற்றை அள்ளி வீசிய விசிறி. பின்மூடியைக் கழற்றிவிட்டார், உள்ளே ஒரு வயரைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார். அது வருவதாக இல்லை.

என்னைப் பார்த்ததும் கை நின்றது.

"சரியா ஓடல" என்றார்.

அடுப்படி வாசலில் அம்மா நின்றிருந்தாள்.

"ஆமாப்பா. ரெண்டு நாளா ஒரு சத்தம் வருது" என்றேன். உட்கார்ந்து மறுமுனையைப் பிடித்துக்கொண்டேன். இருவரும் சேர்ந்து இழுத்ததும் வந்துவிட்டது.