துரை வீட்டு நாற்காலி

அக்கா,

காலையிலிருந்து வீடு முழுக்க வார்னிஷ் நெடி. சுந்தரத்தின் நாற்காலிக்கு இரண்டாம் பூச்சு அடித்துக் கொல்லை வெயிலில் காய வைத்திருக்கிறேன். உன் பிள்ளைக்கு இப்போது என்னைவிட நல்ல மீசை. சுவரில் சாய்ந்துகொண்டு, அது எங்கே என்பதுபோல் முறைக்கிறான். "காயட்டும் மாப்ள" என்றேன். அந்த நெடியில் உன் எழுமலை வீடு ஞாபகத்துக்கு வந்துவிட்டது.

நாற்காலியை நான் ஏலம் எடுத்த கதை இங்கே மதுரையில் கோரிப்பாளையம் முழுக்கத் தெரியும். சீமைக்குத் திரும்பிய ஒரு துரையின் பங்களா. வியாபாரிகள் முட்டி மோதினார்கள். நான் ஒரு கனைப்புக் கனைத்தேன், ஒதுங்கிவிட்டார்கள். துரையே எழுந்து வந்து கை கொடுத்தார். "நீ சொல்லுறதுல பாதியத் தள்ளிட்டுத்தான்டா கேக்கணும்" என்பாய். சரி, துரை அன்றைக்கு ஊரிலேயே இல்லை. நாற்காலி நிஜம். தேக்கு. இரு பக்கமும் கை. ஆசனம் பெட்டி மூடிபோல் திறக்கும். திறந்தால் வட்ட ஓட்டை, அதற்கடியில் வெள்ளைப் பீங்கான் சட்டி.

நான் நாலாம் வகுப்பை இரண்டு வருஷம் படித்தவன். கூட்டினால் எட்டாம் வகுப்பு. நாற்காலியை எழுமலையில் உன் வீட்டுக்குக் கொண்டுவந்து இறக்கி, அந்தப் படிப்பை வைத்து, உன் வீட்டுக்காரரின் அண்ணனான பெரிய மச்சானுக்கு விளக்கினேன்: "துரைமாரு சுருட்டு வைக்கிற எடம் மச்சான். உக்காந்தபடியே எடுத்துக்கிறலாம்." மச்சான் பூரித்துப் போய், தன் வெற்றிலையை அந்தச் சட்டியில் அடுக்கி, வருகிறவர்களுக்கெல்லாம் அதிலிருந்தே மடித்துக் கொடுத்தார்.

நீதான் கண்டுபிடித்தாய். மூடியைத் தூக்கி ஓட்டையைப் பார்த்தாய். பிறகு மூலையில் கிடந்த சுந்தரத்தைப் பார்த்தாய். "தம்பி, இது வெளிக்கிப் போற நாக்காலிடா."

வாய் கொப்பளிக்கக் கிணற்றடிக்குப் போன மச்சான் வெகுநேரம் திரும்பவில்லை.

சுந்தரத்துக்கு அப்போது ஏழெட்டு வயது. பேச்சில்லை. கால்கள் விறைத்துப் பின்னிக்கொள்ளும், குத்தவைக்க வராது. ஆகவே கிடந்த இடத்திலேயே எல்லாம். புத்தியே இல்லாத பிள்ளை என்று வீட்டார் முடிவு கட்டியிருந்தார்கள். தையில் மச்சான் மகளுக்குக் கல்யாணம். அதற்குமுன் பையனை மாட்டுத் தொழுவுக்கு மாற்றுவதாகப் பேச்சு. ஒருமுறை போனால் திரும்பி வரமாட்டான் என்பது உனக்குத் தெரியும்.

மச்சான் நாற்காலியை விறகுக்குப் பிளக்கச் சொன்னார். நீ என்னைப் பார்த்து, அவர் காதில் விழும்படி பேசினாய்: "எம்பிள்ளைக்குப் புத்தியில்லாம இல்ல தம்பி. உக்கார எடமில்ல. கல்யாணம் வரைக்கும் அத எங்கிட்ட விடச் சொல்லு."

"கல்யாணத்தன்னைக்கு ஒரு சொட்டு தரையில விழுந்துச்சுன்னா, மாட்டுத் தொழுவுதான்" என்றார் அவர்.

முதலில் சுந்தரம் ஓட்டையைப் பார்த்து அலறினான், உள்ளே விழுந்துவிடுவோமென்று. நான் வேட்டியோடு ஏறி உட்கார்ந்து, கால்மேல் கால் போட்டு, "ஏ பட்லர், டீ கொண்டா" என்றேன். சிரித்தான். அந்தச் சிரிப்பு அடங்குமுன் நீ அவனைத் தூக்கி வைத்தாய். என் பங்கு அம்புட்டுதான். வெளியில் சொல்லும்போது கொஞ்சம் கூடும்.

மீதியெல்லாம் நீ. தொங்கிய கால்களுக்கடியில் பலகை கொடுத்தாய். பழஞ்சேலையால் இடுப்பைச் சேர்த்துக் கட்டினாய். கஞ்சி குடித்த கையோடு உட்கார வைப்பாய். வருவதற்குமுன் அவன் சிரிப்பை நிறுத்திச் சுவரைப் பார்ப்பான். அது உன் ஒருத்திக்குத்தான் தெரிந்தது. உட்கார வைக்கும்போதெல்லாம் அவன் கையைப் பிடித்து நாற்காலிக் கையில் டொக் டொக்கென்று தட்டுவாய். தவறிப் போனால் பேசாமல் கழுவி விடுவாய்.

"ரெண்டு வசவு வையிக்கா" என்றேன் ஒருநாள்.

"வஞ்சா அடக்கிக்கிருவான்டா. அப்புறம் வயிறு கல்லாயிரும்."

கல்யாணம் வந்தது. அதுவரை அவனாக ஒருமுறையும் தட்டியதில்லை. தாலி கட்டும் நேரம், என் மடியில் இருந்தவன் சிரிப்பை நிறுத்தினான். பந்தல்காலைக் கையால் தட்டினான். பந்தலே அடங்கியது, மேளக்காரர் கோலைக் கீழே வைத்தார் என்றுதான் சொல்லித் திரிகிறேன். மேளம் நிற்கவில்லை அக்கா. அந்தச் சத்தத்தில் யாருக்கும் எதுவும் கேட்கவில்லை. பெண்கள் கூட்டத்துக்கு நடுவிலிருந்து நீ மட்டும் எழுந்தாய்.

பந்தி முடிந்ததும் மச்சான் வந்தார். நானும் சுந்தரமும் உட்கார்ந்திருந்த பாயைத் தடவிப் பார்த்தார். ஈரமில்லை. "நாக்காலிய உள்ளயே போடு. தொழுவுல மாடு முட்டும்" என்று சொல்லிவிட்டுத் துண்டை உதறிக்கொண்டு போனார்.

நீ போய்ச் சேர்ந்தபின் இருவரையும் இங்கே கொண்டுவந்தேன், அவனையும் நாற்காலியையும். மதுரை வரை தலையில் சுமந்தேன் என்பது பேச்சு. பஸ் கூரையில்தான் வந்தது. பலகையும் சேலைத்துணியும் கூடவே வந்தன. துணி மட்டும் இப்போது என் வேட்டிக் கிழிசல்.

இதோ, கதவு நிலையில் தட்டுகிறான். வார்னிஷ் இன்னும் காயவில்லை. ஒட்டினால் ஒட்டட்டும். இந்த மடலில் எதையும் பாதி தள்ளியே படி, அக்கா. இந்தத் தட்டலை மட்டும் தள்ளாதே.

"வாரேன் மாப்ள."