மாத்திரைப் பெரட்டு

2024 மார்ச் 11, திங்கள்

சவரம் செய்யக் கண்ணாடியை எடுத்தேன். உள்ளே இருந்தவன் எனக்குத் தெரியாத ஆள். கன்னம் இரண்டும் பேக்கரி பன் மாதிரி உப்பியிருக்கிறது. கழுத்து இருந்த இடத்தைக் காணோம். இராமையா எங்கே போனான் என்று அவனிடமே கேட்டேன். நல்ல கொழுத்த ஆட்கள் பதில் சொல்வதில்லை.

தைப்பொங்கல் முடிந்த வாரம் என் இடது கண் போனது. அதற்கு முன்பு ஒரு மாதமாக நெற்றிப்பொட்டில் குத்தல், சோறு மென்றால் தாடையில் வலி. பனடோல் போட்டுச் சமாளித்தேன். ஒரு நாள் காலையில் எழுந்தால் பாதி உலகம் இருட்டு. தலைக்குப் போகும் இரத்தக்குழாய் வீங்கிவிட்டதாம். இடது கண் இனி வராது, வலதையாவது காப்பாற்றுவோம் என்று பெரிய ஆஸ்பத்திரியில் இந்த மாத்திரையைத் தந்தார்கள். பிரெட்னிசலோன். பழைய வெள்ளைக்காரத் துரையின் பெயர் மாதிரி இருக்கிறது. நடத்தையும் அப்படித்தான். வேலையை முடிக்கும், ஆளையும் முடிக்கும்.

பன்னிரண்டில் ஆரம்பித்து இப்போது எட்டு. காலையில் சாப்பிட்டவுடன் எட்டையும் சோசரில் வரிசையாக நிறுத்திப் பெரட்டுப் பார்க்கிறேன். முப்பத்தொரு வருடம் விடியற்காலை பெரட்டுக் களத்தில் தேயிலைக் கொழுந்தெடுக்கும் பெண்களை நிறுத்தி, எண்ணி, மலைக்கு அனுப்பிய கங்காணி நான். இப்போது என் கீழே வேலை செய்பவர்கள் இந்த எட்டுப் பேர்தான்.

பீலிக்குத் தண்ணீர் பிடிக்கப் போனேன். எங்கள் லயத்து வரிசையில் பக்கத்துக் காம்பராவில் இருக்கும் ராக்காயி குடத்தை வைத்துவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"என்னங்க கங்காணி, மொகத்துல தேசிக்கா வெட்டி வச்சாப்புல பளபளன்னு இருக்கு? மக கொழும்புலருந்து ஹோர்லிக்ஸ் அனுப்புதா?"

"மக கொட்டகலையில இருக்கு. இது மருந்து."

"எனக்கும் ரெண்டு குடுங்களேன். நானும் ஒருநாளாவது பணக்காரி மாதிரி இருக்கேன்."

எல்லாரும் சிரித்தார்கள்.

மார்ச் 14, வியாழன்

பசி. இது பசியல்ல, ஆக்கிரமிப்பு. காலை ஐந்து ரொட்டி. பத்து மணிக்கு மிச்ச இரண்டு. உலையில் சோறு வேகும்வரை நிற்க முடியாமல் தேங்காய்த் துருவலைத் தின்றேன். என் பெண்சாதி காளியாயி உயிரோடு இருந்த காலத்தில் "ஒரு வாய் கூடச் சாப்பிடுங்களேன்" என்று கெஞ்சுவாள். ஆறு வருடம் பிந்தி அவள் ஆசை நிறைவேறுகிறது.

மார்ச் 19, செவ்வாய்

தூக்கம் இல்லை. லயத்துச் சேவலை நான்தான் எழுப்பிவிடுகிறேன்.

மார்ச் 26, செவ்வாய்

கிளினிக். டயகம பஸ்ஸில் நின்றுகொண்டே பயணம். என் உடம்பைப் பார்த்து யாரும் எழும்பவில்லை. நோயாளி என்றால் ஒட்டிப்போன கன்னம் வேண்டுமாம்.

டொக்டர் நோனா சின்னப் பெண். சிங்களத்தில் தாதியிடம் பேசிவிட்டு, எனக்கு மட்டும் பிள்ளைக்குச் சொல்வதுபோலத் தமிழில் சொன்னாள்: "தாத்தா, சீனி கூடிருக்கு. மாத்திரை ஏழு. ஒரு மாசம். நீங்களா நிப்பாட்ட வேணாம். சரியா? நீங்களா வேணாம்." நான் இந்த மாத்திரையில் இருப்பவன் என்று எழுதிய ஒரு சிவப்பு அட்டையையும் தந்தாள். எங்கே போனாலும் சட்டைப்பையில் இருக்க வேண்டுமாம். அடையாள அட்டைக்குத்தான் இந்த நாட்டில் நாங்கள் பாடுபட்டோம். இது கேட்காமலே கிடைத்துவிட்டது.

"தேருணா, நோனா" என்றேன், புரிந்தது என்று சிங்களத்திலேயே. எனக்குச் சிங்களம் அவள் பிறக்கும் முன்பே தெரியும்.

எட்டாமவனை வீட்டுக்கு அனுப்பியாயிற்று.

ஏப்ரல் 3, புதன்

கோயில் கூட்டத்தில் சண்டை. யோகேஸ்வரன் தலைவர். எட்டாம் வகுப்புச் சான்றிதழை வைத்துக்கொண்டு, மலையில் ஒரு நாள் நனையாமல், என் தலைக்கு மேலே கணக்கப்பிள்ளையாக வந்தவர். நான் இரண்டாம் வகுப்பு. எழுதப் படிக்கக் கற்றது கடையில் கருவாடு சுற்றித்தந்த பத்திரிகைத் தாளில். கருவாட்டு நாற்றத்தோடு படித்தவனுக்குச் சான்றிதழ் யார் தருவார்?

"கங்காணி நல்லாச் செழிப்பாத்தான் இருக்காரு. காவடி தூக்க ஆள் கொறையுது, அவரையே போட்டுருவோம்" என்றார்.

கத்தினேன். நாற்காலி விழுந்தது. எப்படி விழுந்தது என்று நினைவில்லை.

கோபம் இந்த மாத்திரையின் குணம் என்று டொக்டர் சொன்னாள். நிம்மதியாக இருந்தது. பிறகு யோசித்தேன் — மாத்திரை இல்லாத முப்பத்தொரு வருடம் மலையில் கத்தினேனே, அது எந்த மருந்தின் குணம்?

கதவில் லேசாக இடித்ததற்கு முழங்கையில் கத்தரிக்காய் நிறத்தில் இரத்தம் கட்டியிருக்கிறது. தோல் தேயிலை சுற்றிவரும் தாள் மாதிரி ஆகிவிட்டது.

ஏப்ரல் 14, ஞாயிறு

வருடப்பிறப்பு. மகள் ஜெயந்தினி, நான்கு வயதுப் பேத்தி நிலக்ஷியோடு வந்தாள். பிள்ளை வாசலிலேயே நின்றுவிட்டது.

"தாத்தாகிட்ட போம்மா."

"அது தாத்தா இல்ல. தாத்தாவோட சட்டையப் போட்டிருக்கு."

ஜெயந்தினி சிரித்துச் சமாளித்தாள். பிள்ளை கடைசிவரை கிட்ட வரவில்லை. நான் வாங்கி வைத்த பலூனை மேசையில் வைக்கச் சொல்லி, நான் நகர்ந்த பிறகு எடுத்துக்கொண்டது.

போங்கடா நீங்களும் உங்க மருந்தும்.

ஏப்ரல் 17, புதன்

முடிவு செய்துவிட்டேன். தலைவலி இல்லை. தாடை வலி இல்லை. வலது கண் பழையபடி பத்திரிகை படிக்கிறது. வேலை முடிந்துவிட்டது. கொழுந்து குறைந்த மாதத்தில் வெளியிலிருந்து நாள்கூலிக்கு வரும் கைக்காசு ஆட்களை நிறுத்துவது தோட்டத்து வழக்கம். கொழுந்தே இல்லாத மலையில் ஆளை நிறுத்திவைத்துச் சம்பளம் கொடுத்தால் எந்தத் துரையும் கங்காணியைச் சும்மா விடமாட்டான்.

இன்று பெரட்டில் நான்கு பேர் மட்டும்.

ஏப்ரல் 20, சனி

இரண்டு பேர். ஒன்றும் ஆகவில்லை. படித்தவர்கள் பயமுறுத்துவார்கள், அது அவர்கள் தொழில்.

ஏப்ரல் 23, செவ்வாய்

பெரட்டுக் களம் காலி. சோசரில் தேநீர் ஊற்றிக் குடித்தேன்.

ஏப்ரல் 25, வியாழன்

பசி போய்விட்டது. நல்லது. உடம்பும் கூடவே போகப் பார்க்கிறது. பாயிலிருந்து எழும்ப மூன்று தடவை முயற்சி. வாயில் உப்பை வைத்தால் மட்டும் ஆறுதலாக இருக்கிறது.

பீலிக்குப் போகும் படியில் உட்கார்ந்துவிட்டேன். ராக்காயி வந்தாள்.

"என்னங்க, மொகம் வெளுத்துக் கெடக்கு?"

"தலை சுத்துது."

அவள் குடத்தை இறக்கினாள். "ஏழாம் நம்பர் மலையில நானும் இதையேதாங்க சொன்னேன்."

எனக்கு நினைவிருக்கிறது. அவளுக்குத் தெரியாது என்று நினைத்தேன் — எனக்கு நினைவிருப்பது. தொண்ணூற்றெட்டாம் வருடம். குளிர்காய்ச்சலோடு வந்தாள். "தலை சுத்துதுங்க கங்காணி" என்றாள். மழை. கூடையில் பாதிக் கொழுந்து. தராசில் கிலோ குறைந்தது. குறைந்தால் அந்த நாளுக்கு அரைப்பேர், பாதிச் சம்பளம். எழுதினேன். சட்டம் அதுதான். காய்ச்சலுக்குத் தனிக் கட்டம் ஆள் வரவு பதியும் செக்ரோலில் கிடையாது.

"அன்னைக்கு நடிக்கிறேன்னீங்க" என்றாள். என் வாளியையும் அவளே தூக்கிக்கொண்டு வந்தாள். வேண்டாம் என்றேன். கேட்கவில்லை.

மாத்திரையை நிறுத்தியதை அவளிடம் சொல்லவில்லை. அவளுக்கு எதற்கு?

ஏப்ரல் 27, சனி

எழுத்து கோடு தாண்டுகிறது. தாடை — ரொட்டி மெல்ல முடியவில்லை. வாந்தி. வலது கண்ணின் கீழ் ஓரத்தில் பனிமூட்டம் மாதிரி. வெளியே பனி இல்லை. பார்த்துவிட்டேன். வெயில்.

நாளைக்குச் சரியாகிவிடும். யாருக்கும் போன் பண்ணப் போவதில்லை. பண்ணினால் அந்தச் சின்ன டொக்டர் நோனா சொன்னது சரி என்று ஆகிவிடும்.

ஆகட்டுமே. கண்ணு போனா என்னத்தடா எழுதுவ, இராமையா?

நாளைக்குப் பார்ப்போம்.

மே 4, சனி. வார்டு

ஜெயந்தினி இந்தக் கொப்பியைக் கொண்டுவந்து தந்தாள். எழுதுகிறேன். அதாவது, தெரிகிறது. வரியின் கீழ்ப்பாதியைப் பார்க்கத் தலையைக் குனிய வேண்டும், அவ்வளவுதான். இதுவரை யாருக்கும் குனியாத தலை. இனி ஒவ்வொரு வரிக்கும் குனியும்.

நடந்தது இதுதான். ஞாயிறு காலை என் காம்பராவில் அடுப்புப் புகை கிளம்பவில்லை என்று ராக்காயி கதவைத் தள்ளியிருக்கிறாள். நான் வாசற்படிக்கு உள்ளே கிடந்தேனாம். ஞாயிற்றுக்கிழமை வாகனம் கிடையாது. கொழுந்து லொறி ஒன்று பக்டரியில் நின்றிருக்கிறது. அவள் போய் லொறிக்கு முன்னால் நின்று, "எங்க கங்காணி சாகக் கெடக்காரு, ஏத்துறியா, இல்ல என் மேல ஏத்துறியா?" என்று கேட்டாளாம். நான் கொழுந்துச் சாக்குகளின் மேல் ஆஸ்பத்திரிக்குப் போனேன். கொழுந்தோடு போயும் யாரும் என்னைத் தராசில் போடவில்லை.

அவளுக்கு எழுத்துத் தெரியாது. ஆனாலும் என் சட்டைப்பையில் இருந்த சிவப்பு அட்டையை எடுத்து வாசலில் நின்ற டொக்டரின் கையில் திணித்திருக்கிறாள். "செவப்புல எழுதிக் குடுத்தா அது முக்கியமாத்தான இருக்கணும்?" என்றாள். அட்டையைப் பார்த்த உடனே நரம்பில் ஊசி போட்டார்களாம். அரை மணி பிந்தியிருந்தால் — டொக்டர் நோனா கையை விரித்துக் காட்டினாள்.

டொக்டர் நோனா இன்று கட்டிலருகே வந்து உட்கார்ந்து, எனக்குப் புரியவேண்டும் என்று மெதுவாகச் சொன்னாள். இந்த மருந்து மாதிரி ஒன்றை உடம்பு தானாகவே சுரக்குமாம். மாத்திரை மாதக்கணக்கில் உள்ளே போனால், இனித் தேவையில்லை என்று உடம்பு சுரப்பதை விட்டுவிடுமாம். கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தால்தான் அது பழைய வேலைக்குத் திரும்புமாம்.

எனக்குப் புரிந்துவிட்டது. வெளியாட்கள் வந்ததும் தோட்டத்து ஆட்கள் வீட்டுக்குப் போய்விட்டார்கள். நான் தோட்டத்து ஆட்களைத் திருப்பிக் கூப்பிடாமலே வெளியாட்களை ஒரு வாரத்தில் விரட்டிவிட்டேன். மலை நிறையக் கொழுந்து. எடுக்க ஒரு கை இல்லை.

முப்பத்தொரு வருடக் கங்காணி செய்யக்கூடாத பிழை. புதிதாக வந்த கங்காணி ஒருவன் இதைச் செய்திருந்தால் பெரட்டிலேயே அவனை நார் நாராகக் கிழித்திருப்பேன்.

யோகேஸ்வரன் பார்க்க வந்தார். தோடம்பழம் கொண்டுவந்தார். தானே உரித்தும் தந்தார். அதுதான் பொறுக்க முடியவில்லை.

மே 12, ஞாயிறு

வீடு. மறுபடி பன்னிரண்டு. கொட்டகலைக்கு வரச்சொல்லி ஜெயந்தினி அழுதாள். மாட்டேன் என்றேன். "அப்ப யாருப்பா மாத்திரையப் பாக்குறது?" என்றாள்.

"நான் பாத்துக்கிறேன் புள்ள" என்றாள் ராக்காயி. என்னை யாரும் கேட்கவில்லை.

காலையில் தகரத் தட்டைக் கரண்டியால் தட்டிக்கொண்டு வாசலில் நிற்கிறாள். "பெரட்டூ!" லயமே எழும்பிவிடுகிறது. சோசரைப் பிடித்துக்கொண்டு நான் நிற்க வேண்டும். அவள் விரலால் எண்ணுகிறாள். எழுத்து வராது, எண்ணிக்கை என்னைவிட நன்றாக வருகிறது.

மே 15, புதன்

ஒன்றை மட்டும் நாக்கின் அடியில் ஒளித்துப் பார்த்தேன். சும்மா, அவளுக்குத் தெரிகிறதா என்று.

"வாயத் தொறங்க. ம். பதினொண்ணுதான் எறங்கியிருக்கு." தேநீரை எடுத்து, பாதியைத் தன் கோப்பையில் ஊற்றிவிட்டு மிச்சத்தைத் தந்தாள். "கணக்குக் கொறஞ்சா அரைப்பேருங்க. சட்டம் அதுதான."

விழுங்கினேன். அவள் ஊற்றிக்கொண்ட பாதித் தேநீர் திரும்பி வரவில்லை. பாதகத்தி.

ஜூன் 16, ஞாயிறு

முகம் முன்னைவிடப் பெரிது. கண்ணாடியைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்துவிட்டேன். அதற்கும் ஓய்வு வேண்டும். நிலக்ஷி வந்தாள். தூரத்தில் நின்று பார்த்தாள். ராக்காயி தட்டைத் தட்டி என்னைப் பெரட்டுக்கு நிறுத்தியதும், இவ்வளவு பெரிய ஆளை ஒருத்தி அதட்டுவது பிடித்திருக்க வேண்டும், ஓடிவந்து அவளும் எண்ணினாள். ஐந்துக்குப் பிறகு ஏழு என்றாள். பிறகு என் கன்னத்தைக் கிள்ளி ரொட்டி மாவு மாதிரி உருட்டிப் பார்த்தாள். வலித்தது. கன்றிப்போய் நீலமாகிவிட்டது.

இருக்கட்டும்.

ஜூலை 22, திங்கள்

டொக்டர் நோனா சொல்லி, முறைப்படி, மறுபடி எட்டு.

காலையில் தட்டுச் சத்தம் கேட்கவில்லை. கொஞ்ச நேரம் பார்த்தேன். அவள் காம்பராவில் புகை இல்லை. சோசரை எடுத்துக்கொண்டு போனேன். மூன்று போர்வைக்குள் சுருண்டு கிடந்தாள். நெற்றி கொதித்தது.

"ஒண்ணுமில்லைங்க. தலை சுத்துது. செத்த நேரத்துல வந்துருவேன்."

"கெட" என்றேன். அடுப்பை மூட்டித் தேநீர் போட்டேன். தோட்ட டிஸ்பென்சரிக்கு ஆள் அனுப்பினேன். பிறகு அவள் பார்க்கும்படி பாயருகே சோசரை வைத்து, ஒவ்வொன்றாக விழுங்கினேன். கண்ணை மூடிக்கொண்டே எண்ணினாள். எட்டு வந்ததும், "ம்" என்றாள்.

அவள் கோப்பையை விளிம்புவரை நிரப்பினேன். என்னுடையதில் பாதிதான் வந்தது.

நான் எழுதிக்கொண்டிருப்பது ஆபீஸ் கழித்துப்போட்ட செக்ரோல் கொப்பி. பெயருக்கு ஒரு கட்டம், நாளுக்கு ஒரு கட்டம், சம்பளப் பேருக்கு ஒரு கட்டம். இத்தனை மாதமாக அந்தக் கட்டங்களைச் சட்டை பண்ணாமல் குறுக்கே எழுதிவந்திருக்கிறேன். இன்று தலையைக் குனிந்து, கட்டத்துக்குள் எழுதுகிறேன்.

ராக்காயி. காய்ச்சல். முழுப்பேர்.