ஒற்றைச் செருப்பு தின்னும் முதலாளி

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது.

இங்கே நான் நலம், அம்மா நலம், சித்தப்பா நலம், நீ விட்டுவிட்டுப் போன நாய்க்குட்டி எங்கள் மூவரையும்விட அமோக நலம். அங்கே நீயும் வேளைக்குச் சாப்பிட்டு உடம்பைப் பார்த்துக்கொண்டு சௌக்கியமாக இருக்க வேண்டும். நலமில்லாதவை என்று பார்த்தால் சோபாவின் முன்கால், குளியலறைக் கதவின் கீழ்மூலை, டிவி ரிமோட்டில் சத்தம் குறைக்கும் பொத்தான், அம்மாவின் கைப்பை வார். இதைப் போனிலேயே சொல்லியிருப்பேன், ஆனால் போனில் நான் வாயைத் திறந்ததும் அது பின்னாலிருந்து குரைக்கிறது, நீ "அச்சோ, என் தங்கம்" என்று உருகுகிறாய், பெற்ற தகப்பன் சொல்லவந்தது தொண்டையிலேயே நின்றுவிடுகிறது. காகிதம் குரைக்காது, அதனால் எழுதுகிறேன்.

போன வாரம் நீ அழுதுகொண்டே சொன்னதை மறக்கவில்லை. "ஃப்ளாட்டுக்காரர் நாய் வச்சுக்கவே கூடாதுன்னு கண்டிப்பா சொல்லிட்டார்ப்பா, கடையில உங்களுக்கும் எவ்வளவு தொல்லை, யாராவது நல்லவங்க கையில குடுத்துடுங்கப்பா" என்றாய். விடுமுறைக்கு வந்தவள் குட்டியை வாங்கி மடியில் வைத்துப் படம் எடுப்பதற்கு முன்னால் வாடகை ஒப்பந்தத்தை ஒரு தடவை கண்ணால் பார்த்திருக்கலாம். நம் செருப்புக் கடைக்கு நான் ஒரு பெட்டி சரக்கு வாங்கினாலே அடிப்பாகத்தைத் திருப்பி, தையலை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் சரி என்பேன். என் மகள் உயிருள்ள சரக்கையே எடுத்திருக்கிறாள், எங்கே இறக்குவது என்று யோசிக்காமல். படிப்பு உனக்கு வயிறு நிறையக் கொடுத்தோம், கொள்முதல் செய்யத்தான் சொல்லித்தரவில்லை போலிருக்கிறது. போகட்டும். இனி எங்கே கையெழுத்துப் போட்டாலும் சின்ன எழுத்தில் இருப்பதை முதலில் படி.

குட்டிக்கு நீ வைத்த பெயர் அழகுதான், ஆனால் கடையில் யார் வாயிலும் நுழையவில்லை. சித்தப்பா அதற்கு முதலாளி என்று பெயர் வைத்துவிட்டான். ஏண்டா என்று கேட்டால், "வேலை எதுவும் செய்யறதில்ல, எல்லாத்தையும் வந்து மோந்து பாக்குது, நம்மளப் பாத்துக் கத்துது, வேற என்னண்ணே பேரு வைக்கிறது" என்கிறான். இப்போது கடை ஆட்கள் "முதலாளி" என்று கூப்பிட்டால் நானும் அதுவும் சேர்ந்தே திரும்புகிறோம். அவர்கள் முதலில் குனிந்து அதைத் தடவிக்கொடுத்துவிட்டு அப்புறம்தான் என்னிடம் விஷயத்துக்கு வருகிறார்கள்.

கடிக்கிற விவகாரத்தை ஆரம்பித்துவைத்தது யார் என்று அம்மா வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாள், எப்படியும் உன் காதுக்கும் வரும், நானே சொல்லிவிடுகிறேன். பல் முளைக்கிற வயசு, கடிக்க ஏதாவது கொடுக்க வேண்டும் என்றார்கள். நாய்ச் சாமான் விற்கிற கடைக்குப் போய் ரப்பர் எலும்பு ஒன்றை எடுத்து விலை கேட்டேன். அந்த விலைக்கு நான் மனிதர்களுக்கே செருப்பு விற்கிறேன். வெறுங்கையோடு திரும்பிவந்து குடோனில் கிடந்த ஒற்றைச் செருப்புக் குவியலிலிருந்து ஒன்றை எடுத்துப் போட்டேன். நம் கடை வழக்கம் உனக்குத் தெரியும், முகப்பில் இடதுகால் மட்டும்தான் வைப்போம், வலதுகால் பெட்டியோடு குடோனில் இருக்கும், அப்போதுதான் யாரும் போட்டுக்கொண்டு நழுவ மாட்டார்கள். அப்படியும் முகப்பில் இருப்பது வெயிலில் வெளுத்துப்போவதும் வார் அறுவதுமாகத் துணையில்லாத வலதுகால்கள் சேர்ந்துவிடும். குப்பைக்குப் போவது குட்டிக்குப் போகட்டும், காசும் மிச்சம், குட்டிக்கும் கொண்டாட்டம் என்று நினைத்து அன்று முழுவதும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டுதான் நடந்தேன். முதலாளியும் பாடத்தைப் பழுதில்லாமல் படித்துக்கொண்டது. தோலும் பசையும் மணக்கிற ஒற்றைச் செருப்பு என்றால் அது தனக்கென்றே வந்தது. மாடி வீட்டிலிருந்து படியிறங்கிக் கடைக்குள் வந்து பார்த்தால் சுவர் நெடுக ஒற்றைச் செருப்பு! கீழ்த்தட்டில் ஒன்றுவிடாமல் ருசி பார்த்துவிட்டது. இதில் வேடிக்கை என்னவென்றால் இடதுகாலை அது தின்றால் குடோனில் அதன் வலதுகால் அநாதையாகிறது, அந்த வலதுகாலை நான் எடுத்து அதற்கே போடுகிறேன். தனக்கு வேண்டிய சரக்கைத் தானே உண்டாக்கிக்கொள்கிறது. இத்தனை வருடத்தில் எந்த மொத்த வியாபாரியும் என்னிடம் இப்படி ஒரு ஏற்பாட்டைச் சாதித்ததில்லை.

அத்தோடு நின்றதா என்றால் இல்லை. ஒருவர் நாற்காலியில் உட்கார்ந்து புது ஷூ போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார், கழற்றிவைத்த அவருடைய சொந்த ஷூவில் ஒன்று மேஜைக்கு அடியில் போய்விட்டது. வெளியே எடுத்தபோது அதற்கு நாக்கு இல்லை. அவர் என்னைப் பார்க்கிறார், நான் கூரையைப் பார்க்கிறேன். கடைசியில் புது ஷூவைச் சும்மா கொடுத்து, கையைக் கூப்பி அனுப்பிவைத்தேன். "நல்லவேளை, சின்ன சைஸா இருந்தாரு" என்று ஆறுதல் சொன்னான் உன் சித்தப்பா. அன்றைக்குத்தான் கைப்பை வாரும் போயிற்று, அம்மா தீர்ப்புச் சொல்லிவிட்டாள், "இந்த வீட்டுல அது இருக்கணும், இல்ல நான் இருக்கணும்."

நாய் டாக்டரம்மாவிடம் தூக்கிக்கொண்டு ஓடினேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அந்த அம்மா சிரித்த சிரிப்பில் வாசலில் இருந்த பூனையெல்லாம் எழுந்துகொண்டது. "பழைய செருப்பு, புதுச் செருப்புன்னு அதுக்கு எப்படி சார் தெரியும்? செருப்பு திங்கலாம்னு நீங்கதானே கத்துக்குடுத்தீங்க" என்றார். செருப்பை அடியோடு நிறுத்து, துணியை நனைத்து முறுக்கி ஃப்ரிட்ஜில் உறையவைத்துக் கொடு, ஈறுக்கு இதமாக இருக்கும், கூடாததைக் கவ்வினால் கத்திக்கொண்டு துரத்தாதே, அது விளையாட்டு என்று நினைக்கும், வேறொன்றைக் காட்டி மாற்றிக்கொள், நன்றாக ஓடவிட்டுக் களைப்பாக்கு, கண்காணிக்க முடியாத நேரத்தில் தடுப்புக்குள் விடு என்று சொல்லி, கடிக்கிற இடத்தில் தெளிக்கக் கசப்புத் தண்ணீர் ஒரு புட்டியும் கொடுத்தார். ரப்பர் எலும்பும் அங்கேயே வாங்கவைத்தார், அது முதலில் கேட்ட கடையைவிட விலை கூட. கசப்புத் தண்ணீரை வீடு முழுக்கத் தெளித்தேன், அதில் என் மூக்குக்கண்ணாடிக் காம்பின் மேலும் பட்டிருக்கிறது. கணக்குப் பார்க்கும்போது காம்பைக் கடிக்கிற பழக்கம் எனக்கு உண்டு என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. அம்மா தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, "உங்களுக்கும் ஒரு துணிய நனைச்சு வைக்கட்டுமா" என்று கேட்டாள். இப்போது படிக்கு நடுவே கதவு போட்டாயிற்று, கீழ்த்தட்டுச் சரக்கு மேலே ஏறிவிட்டது, நானும் அதுவும் காலையில் கடை திறக்குமுன் ஓடிவிட்டு வருகிறோம். கடி முழுதாக நிற்கவில்லை, பாதியாகியிருக்கிறது. என் தொப்பையும் கொஞ்சம் குறைந்திருக்கிறது, அதை யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை.

இதற்குள் சித்தப்பா ஓர் ஆளைப் பிடித்துவிட்டான், மர டிப்போ வைத்திருப்பவர், காவலுக்கு நாய் வேண்டுமாம். தங்கமான மனிதர், பேச்சும் சுத்தம். ஞாயிற்றுக்கிழமை சங்கிலியும் கையுமாக வந்தார். அம்மா உள்ளே அதன் கிண்ணத்தைத் துடைக்கிறாள், துண்டை மடிக்கிறாள், பிரிக்கிறாள், மறுபடி மடிக்கிறாள், வெளியேதான் வரவில்லை. அவர் குட்டியின் காலைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "வாசல்ல கட்டிப் போட்டுடுவேன் சார், எதைக் கடிச்சாலும் அங்க மரம்தானே" என்றார். நாள் முழுக்கவா என்றேன், "அவுத்துவிட்டா அப்புறம் என்ன காவல்" என்றார். அவர் தொழிலுக்கு அது நியாயம்தான். ஆனால் என் வாய் அதன்பாட்டுக்கு ஆரம்பித்துவிட்டது. "கட்டினா கயித்தத் தின்னுடும். திருடன் வந்தா குரைக்காது, வாலாட்டி அவன் செருப்ப மட்டும் வாங்கி வச்சுக்கிட்டு உள்ள வழி காட்டும். பத்தாததுக்கு வயித்துல பூச்சி, காதும் சரியாக் கேக்காது" என்றேன். அந்த நேரம் பார்த்து உன் சித்தப்பா பிஸ்கட் பாக்கெட்டைப் பிரித்தான். முதலாளியின் இரண்டு காதும் விறைத்து நின்றன. டிப்போக்காரர் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், சங்கிலியைச் சுருட்டிப் பைக்குள் வைத்துக்கொண்டு, "விக்க மனசில்லாத சரக்க எதுக்கு சார் கடையில வைக்கிறீங்க, வீட்டுலயே வச்சுக்கங்க" என்று சிரித்துக்கொண்டே போய்விட்டார். கதவுக்குப் பின்னாலிருந்து அம்மா சொன்னாள், "ஏங்க, கல்யாணம் ஆனதுலேருந்து பாக்கறேன், வாங்க வந்தவங்ககிட்ட ஒரு பொருளப் பத்திக் குறை சொல்லி இன்னிக்குத்தான் கேக்கறேன்." சொல்லிவிட்டுக் கிண்ணத்தைப் பழைய இடத்திலேயே வைத்தாள். அவள் சொன்ன தீர்ப்பு என்னாயிற்று என்று கேட்கிற தைரியம் எனக்கு இல்லை, உனக்கு இருந்தால் போனில் கேட்டுப்பார்.

ஆகவே நல்லவர் கையில் கொடு என்று நீ சொன்ன காரியம் முடிந்தது. அவர்கள் அவ்வளவு நல்லவர்கள் இல்லை, கொஞ்சம் கஞ்சர்கள், இருந்தாலும் சாப்பாடு போடுவார்கள். இனி அதற்காக நீ அழ வேண்டாம். அடுத்த விடுமுறையில் வந்து பார், கொஞ்சு, படம் எடு, கூட்டிக்கொண்டு போகிறேன் என்று மட்டும் வாயெடுக்காதே, அவனைத் தரமாட்டேன்.

நீ எடுத்த காரியமெல்லாம் கைகூடி, நோய் நொடி இல்லாமல், நல்ல பெயரோடு நீண்ட நாள் இருக்க எங்கள் இருவரின் ஆசீர்வாதம். துணைக்கு ஒரு பூனைக்குட்டி பார்த்து வைத்திருப்பதாக அம்மாவிடம் சொன்னாயாமே, ஞாபகமாக முதலில் ஃப்ளாட்டுக்காரரைக் கேள்.

இப்படிக்கு,
உன் நலமே நினைக்கும்
அப்பா