காக்காவின் ஹார்ட் டிஸ்க்கில் இருந்த கல்யாணக் கார்ட்

என்னோடு கூடப்பிறந்த என் உயிரான மூத்த காக்கா,

மையவாடியில் உங்கள் மண்ணறையருகே நின்று சொல்ல வேண்டிய ஸலாத்தை இந்தக் கடிதத்தில் சொல்கிறேன். பெண்பிள்ளையை அங்கே யார் விடப்போகிறார்கள்?

நீங்கள் கல்யாணக் கார்ட் அடித்துக் கொடுத்த கடையைப் பூட்டவில்லை. நான்தான் நடத்துகிறேன். பழைய கொம்பியூட்டர் மின்னலில் கருகிப்போக, வாப்பா புதிது வாங்கித் தந்தார். அதைப் பொருத்த வந்தவர் பழையதைக் கழற்றிப் பார்த்து, "ஹார்ட் டிஸ்க் நல்லாத்தான் இரிக்கி தங்கச்சி. புதுசுல ரெண்டாவதாப் போட்டுத் தாறன். காக்காட வேலையெல்லாம் அப்படியே இரிக்கும்" என்றார். சந்தோஷத்தில் அழுதுவிட்டேன்.

நீங்கள் எந்தக் கார்டையும் புதிதாக அடித்ததில்லையே. பழையதைத் திறப்பீர்கள், பெயரை மாற்றுவீர்கள். எனக்கும் அதைத்தானே பழக்கினீர்கள்?

போன கிழமை மருதமுனையிலிருந்து ஒருவர் தன் தங்கையின் கார்டுக்கு வந்தார். மணமகள் பரீதா. அவர்கள் வீட்டுக் கார்ட் ஏதும் முன்பு அடித்திருப்பீர்களோ என்று டிஸ்க்கில் பெயரைத் தேடினேன். இருந்தது. மணமகள் அதே பரீதா, வாப்பா பெயரும் அதே. மணமகன் நீங்கள். திகதி மட்டும் வெறுமை.

"குமரொண்டு வீட்டுல இரிக்கக்குள்ள உனக்கென்ன அவசரம்?" என்று வாப்பா உங்களைக் கேட்டது அடுப்படியில் நின்ற எனக்கும் கேட்டது. கல்யாணமாகாத அந்தக் குமர் நான். வாய் திறந்தேனா? உங்கள் உழைப்பெல்லாம் என் சீதன வீட்டுக்குச் சுவரானது. கூரை ஏறுமுன் நெருப்புக் காய்ச்சல் உங்களைக் கொண்டுபோனது. நாற்பதாம் நாள் கத்தத்துக்கு ஊரையே கூப்பிட்டுச் சோறு போட்டோம். வெட்கங்கெட்டவர்கள் நாங்கள்.

"கெதியா அடிச்சுத் தாங்க தங்கச்சி, அச்சுக்குக் குடுக்கணும்" என்று வந்தவர் நெருக்கினார். கண் மங்கினாலும் கை பழக்கத்தில் ஓடியது. உங்கள் பெயரை அழித்தேன், மற்றவன் பெயரை அடித்தேன், திகதியைப் போட்டேன், சேமித்தேன். அவர் போன பிறகுதான் விளங்கியது, உங்கள் கார்டின் மேலேயே சேமித்திருக்கிறேன் என்று. எவ்வளவு தேடியும் உங்கள் பெயர் கிடைக்கவில்லை.

உம்மாவிடம் சொன்னேன். "போனது போகட்டும், வாயப் பொத்து" என்றார்.

இப்போது தம்பி உழைக்கிறான். அவனுக்கும் ஒருத்தியைப் பிடித்திருக்கிறது. முந்தாநாள் வாப்பா அதே கேள்வியை அவனிடம் கேட்டார். இந்த முறை நான் அடுப்படியை விட்டு வெளியே வந்தேன். "அவன்ட கார்ட் முந்தி. என்ட பிறகு" என்றேன். வாப்பா இன்னும் என்னோடு கதைக்கவில்லை. கதைக்காவிட்டால் போகட்டும்.

வாக்குத் தருகிறேன் காக்கா. தம்பியின் கார்டை நானே அடிப்பேன், உங்கள் டிஸ்க்கிலேயே. திகதியைத்தான் முதலில் அடிப்பேன்.

நீங்கள் சுவர் எழுப்பிக் கொடுத்த குமர்,
உங்கள் தங்கச்சி